கால் எட்டவில்லை என்பதற்காகக் கனவை விடலாமா?

(தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



“மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது” என்பது பெரியவர்கள் வாக்கு. ஆனால், 200 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு சுற்றுலா மோட்டார் சைக்கிளின் மீது ஏறி அமர்ந்து, இரண்டு கால்களும் தரையைத் தேடித் தடுமாறும்போது அந்த வாக்கு அவ்வளவாக ஆறுதல் தருவதில்லை. வண்டி ஓடும்போது உயரம் ஒரு பொருட்டே அல்ல. நிற்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

வார இறுதியானால் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் வளைவுகளிலும், கிரிக்கிலிருந்து ஜெலிக்குச் செல்லும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையிலும், எல்லை தாண்டி பெத்தோங், ஹாட்யாய் வரையிலும் பெரிய மோட்டார்கள் அணி அணியாகப் போவதைக் காணலாம். அந்த அணியில் நம் இளைஞர்கள் இருக்கிறார்கள், ஓய்வுபெற்ற அன்பர்கள் இருக்கிறார்கள், பின்னிருக்கையை விட்டு முன்னிருக்கைக்கு வந்துவிட்ட பெண்களும் இருக்கிறார்கள். இவர்களில் பலருக்கு மனத்துக்குள் இருக்கும் ஒரு கேள்விதான் இன்றைய தலைப்பு. வண்டி உயரம், ஆள் உயரம் குறைவு. வண்டியைக் கீழே இறக்கலாமா? இறக்கினால் என்ன ஆகும்?

கேட்பதற்குச் சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால், சாலை விபத்தில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களாகவே இருக்கும் ஒரு நாட்டில், வண்டியின் அமைப்பில் கைவைப்பது சின்ன விஷயம் அல்ல.

ஏன் இவ்வளவு உயரம்?

முதலில் காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. நெடுந்தூரப் பயணத்திற்கென்று செய்யப்படும் வண்டிகளில் ஒரு வகை, கரடுமுரடான பாதையிலும் போகக்கூடியது. குழியில் இறங்கி ஏற நீண்ட ஸ்பிரிங் வேண்டும். இயந்திரத்தின் அடிப்பாகம் கல்லில் மோதாமல் இருக்கத் தரையிலிருந்து இடைவெளி வேண்டும். இவை இரண்டும் சேர்ந்து இருக்கையை மேலே தூக்கிவிடுகின்றன.

கணக்கைப் பாருங்கள். அன்றாடம் வேலைக்குப் போகும் யமஹா ஒய்15 போன்ற வண்டியின் இருக்கை உயரம் 780 மி.மீ. ஹோண்டா சிபி500எக்ஸ் 2019-இல் புதுப்பிக்கப்பட்டபோது 830 மி.மீ. சுசுகி வீ-ஸ்ட்ரோம் 650 வண்டிக்கு 835. பிஎம்டபிள்யூ ஆர்1250ஜிஎஸ் வண்டிக்கோ 850, அதையே ஒரு படி உயர்த்தினால் 870. அதன் எடை 249 கிலோ. ஏறத்தாழ 100 கிலோ எடையுள்ள கப்சாய் வண்டியில் பழகியவர் இதில் ஏறினால் குதிரையிலிருந்து யானைக்கு மாறியது போல்தான்.

உயரமான வண்டி மட்டும்தான் சுற்றுலா வண்டி என்பதும் இல்லை. ஹோண்டா கோல்ட்விங் 360 கிலோவைத் தாண்டும் பெரிய உருவம். ஆனால், அதன் இருக்கை 745 மி.மீ.தான். ஆகவே, எடைக்கும் உயரத்திற்கும் நேரடித் தொடர்பு இல்லை. வாங்கும் முன்பே இதைப் பார்த்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

காகிதத்தில் உள்ள கணக்கும் காலில் உள்ள கணக்கும்

ஓர் எடுத்துக்காட்டுக்கு, மருத்துவமனையில் பணிபுரியும் ஒரு தாதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உயரம் 155 செ.மீ. கணவரின் பின்னால் அமர்ந்து பத்து ஆண்டுகள் ஊர் சுற்றியவர். இப்போது சொந்தமாக உரிமம் எடுத்து, சேமிப்புப் பணத்தில் 650 சிசி வண்டி ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கியிருக்கிறார். இருக்கை உயரம் 840 மி.மீ. “இது உனக்கு ஒத்துவராது, விற்றுவிடு” என்று வீட்டில் ஒரு குரல். “பின் பக்கத்தை இரண்டு அங்குலம் இறக்கிவிட்டால் போதும்” என்று பட்டறையில் ஒரு குரல். இரண்டுமே அவசரக் குரல்கள்.

செய்ய வேண்டியது முதலில் அளப்பது. வெறுங்காலுடன் சுவரில் சாய்ந்து நின்று, கனமான புத்தகம் ஒன்றைக் கால்களுக்கிடையே மேலே நன்றாக அழுத்திப் பிடித்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளந்தால் உட்கால் நீளம் கிடைக்கும். அந்தத் தாதிக்கு அது 710 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 130 மி.மீ. கேட்டால் மலைப்பாக இருக்கும்.

ஆனால், ஆள் ஏறி அமர்ந்ததும் ஸ்பிரிங் அமுங்கும், இருக்கையின் நுரையும் அமுங்கும். அதில் ஒரு 30 மி.மீ. போகும். நல்ல காலணியின் அடிப்பாகம் இன்னொரு 30 மி.மீ. தரும். மீதி 70. இருக்கையின் முன்பகுதி அகலமாக இருந்தால் கால் வெளிப்பக்கம் விரிவதால் அந்த 70 கொஞ்சம் கூடும். நுனிக்காலை நீட்டினால் தரை தட்டுப்படும், ஆனால் உறுதி இருக்காது. ஆக, அவர் தேடுவது 130 மி.மீ. அல்ல. ஏறத்தாழ 40, 50 மி.மீ. கிடைத்தாலே நிலைமை மாறிவிடும். இந்த ஒரு கணக்கைப் போடாமல்தான் பலர் வண்டியை வெட்டக் கொடுத்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. இரண்டு பாதங்களும் முழுமையாகத் தரையில் பதிய வேண்டும் என்பது ஒரு விருப்பமே தவிரத் தேவை அல்ல. ஒரு பாதம் உறுதியாக ஊன்றினால் போதும். நிற்கப் போகும்போது இடுப்பைச் சற்று இடப்பக்கம் நகர்த்தி இடது காலை ஊன்றி, வலது காலைப் பின் பிரேக்கில் வைத்திருப்பது அனுபவசாலிகளின் வழக்கம். இதற்கு ஒரு வெள்ளியும் செலவில்லை. யாருமில்லாத வாகன நிறுத்துமிடத்தில் நான்கைந்து ஞாயிற்றுக்கிழமை காலைகள் போதும்.

திரும்பப் பெறக்கூடியதை முதலில் செய்யுங்கள்

வண்டியை இறக்குவதற்குப் பல வழிகள் உண்டு. அவற்றை ஒரு வரிசையில் செய்ய வேண்டும். பழைய நிலைக்கு எளிதில் திருப்பக்கூடியது முதலில், திருப்ப முடியாதது கடைசியில்.

முதல் படி, காலணி. கணுக்காலை மூடும், அடிப்பாகம் தடித்த, வழுக்காத காலணி. சிலிப்பர் போட்டுக்கொண்டு உயரம் போதவில்லை என்று குறைப்படுவதில் நியாயமில்லை.

இரண்டாம் படி, ஸ்பிரிங் அழுத்தம். பழைய வண்டி என்றால், முன்பிருந்தவர் மனைவியையும் பெட்டிகளையும் ஏற்றிப் போவதற்காகப் பின் ஸ்பிரிங்கை இறுக்கி வைத்திருக்கக்கூடும். மெலிந்த ஒருவர் ஏறினால் அது அமுங்கவே அமுங்காது. ஆள் அமர்ந்த நிலையில் ஸ்பிரிங்கின் மொத்த ஓட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமுங்குவது பொதுவான அளவு. அதுவரை தளர்த்தலாம். அதற்கு மேல் தளர்த்தினால் வண்டி குழியில் “தொம்” என்று அடிப்பட்டை இடிக்கும். மெலிந்தவருக்கு முழுவதும் தளர்த்தியும் அமுங்கவில்லை என்றால், ஸ்பிரிங்கையே மென்மையானதாக மாற்றுவது முறையான வழி.

மூன்றாம் படி, இருக்கை. பல நிறுவனங்கள் தாழ்ந்த இருக்கையைத் தனியாக விற்கின்றன. இல்லையென்றால், இருக்கை தைப்பவரிடம் கொடுத்து நுரையைச் செதுக்கலாம். இதில் பலரும் கவனிக்காத ஒரு நுட்பம், உயரத்தைக் குறைப்பதைவிட முன்பகுதியின் அகலத்தைக் குறைப்பது சில நேரம் கூடுதல் பலன் தரும். தொடை நேராக இறங்கினால் பாதமும் நேராக இறங்கும். ஆனால், நுரையை அளவுக்கு மீறிச் செதுக்கினால், இருநூறாவது கிலோமீட்டரில் இடுப்பு எலும்பு அதைச் சொல்லிக் காட்டும். பழைய இருக்கை ஒன்றை வாங்கி அதில் வெட்டிப் பார்ப்பதும், அசல் இருக்கையைப் பத்திரமாக வைத்திருப்பதும் புத்திசாலித்தனம்.

இந்த மூன்று படிகளிலேயே அந்தத் தாதிக்கு 30 மி.மீ.க்கு மேல் கிடைத்திருக்கும். பலருக்கு இதோடு வேலை முடிந்துவிடும்.

பின்னால் இறக்கினால் முன்னால் என்ன ஆகும்?

முடியாதவர்களுக்குத்தான் நான்காம் படி. பட்டறைகளில் பரவலாகச் செய்வது இதைத்தான். பின் சக்கரத்தையும் ஷாக் அப்சார்பரையும் இணைக்கும் லிங்க் தகடுகளை எடுத்துவிட்டு, சற்றே நீளமான தகடுகளைப் பூட்டுவார்கள். தகடு சில மில்லிமீட்டர் நீண்டாலே, இருக்கை அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இறங்கிவிடும். ஒரு மணி நேர வேலை. மலிவு. அதனாலேயே ஆபத்தும் அதிகம்.

பின்பக்கத்தை மட்டும் இறக்கினால் வண்டி நாய் உட்கார்ந்திருப்பது போல் ஆகிவிடும். முன் ஃபோர்க்கின் சாய்வு கூடும். வளைவில் திருப்புவதற்கு வண்டி சோம்பல் காட்டும். முன் சக்கரத்தின் மீதுள்ள பாரம் குறையும். முன்விளக்கு மேல்நோக்கிப் பார்க்கும். இரவில் எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும், ஓட்டுபவருக்கோ அருகிலுள்ள சாலை இருட்டாக இருக்கும்.

ஆகவே, பின்னால் இறக்கிய அளவுக்கு ஈடாக முன்னாலும் இறக்க வேண்டும். ஃபோர்க் குழாய்களைப் பிடித்திருக்கும் கிளாம்ப்களைத் தளர்த்தி, குழாய்களை மேல்நோக்கிச் சில மில்லிமீட்டர் நகர்த்துவது வழக்கம். இரு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். கையேட்டில் சொன்ன விசைக்கு ஸ்பானர் வைத்து இறுக்க வேண்டும். அத்தோடு, ஃபோர்க் முழுவதும் அமுங்கும்போது முன் மட்கார்டு ரேடியேட்டரில் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவசரப் பிரேக் பிடிக்கும்போது அது இடித்தால், வண்டியைத் தாழ்த்தியதன் பலனை அனுபவிக்க ஆள் இருக்கமாட்டார்.

எல்லா வண்டிக்கும் இந்த வைத்தியம் பலிக்காது என்பதும் முக்கியம். ஆர்1250ஜிஎஸ் வண்டியின் பின்பக்கம் இப்படி மாற்றக்கூடிய லிங்க் தகடு இல்லை. அதன் முன்பகுதியும் வழக்கமான ஃபோர்க் அல்ல. அங்கே ஷாக் அப்சார்பரையே குட்டையாக்க வேண்டும். அதனால்தான் அந்த நிறுவனமே இருக்கை 800 மி.மீ.க்கு வரும்படியான தாழ்ந்த அமைப்பையும் விற்றது. புது வண்டி வாங்குபவர்கள் முன்பதிவின்போதே இதைக் கேட்பது, பிறகு பட்டறை பட்டறையாக அலைவதைவிட மேல்.

மறந்துபோகும் நான்கு விஷயங்கள்

முதலாவது, சைடு ஸ்டாண்டு. வண்டி 30 மி.மீ. இறங்கிவிட்டது, ஸ்டாண்டு பழைய நீளத்திலேயே இருக்கிறது. விளைவு, வண்டி இடப்பக்கம் சாயாமல் கிட்டத்தட்ட நேராக நிற்கும். எண்ணெய் நிலையத்தின் தரை கொஞ்சம் சரிந்திருந்தாலும், ஒரு லாரி வேகமாகக் கடந்தாலும் வலப்பக்கம் விழுந்துவிடும். இறக்கப்பட்ட வண்டிகள் பல முதன்முதலில் விழுவது ஓடும்போது அல்ல, ஆளில்லாமல் நிற்கும்போதுதான். பக்கத்தில் ஒரு குழந்தை நின்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஸ்டாண்டை அளந்து வெட்டி, நல்ல வெல்டரிடம் கொடுத்து ஒட்ட வேண்டும். பிறகு பெட்டிகள் நிறைந்த நிலையிலும், காலியான நிலையிலும் நிறுத்திச் சோதிக்க வேண்டும். நடு ஸ்டாண்டு உள்ள வண்டியானால், அதைப் போடுவதற்கு முன்பைவிட அதிகப் பலம் தேவைப்படும்.

இரண்டாவது, செயின். பின்கரத்தின் கோணம் மாறினால் செயினின் தொய்வும் மாறும். மறுபடி அளந்து சரிசெய்ய வேண்டும். இறுகிய செயின் குழியில் இறங்கும்போது அறுந்துபோகக்கூடும்.

மூன்றாவது, டயருக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளி. நீண்ட தகடு போட்டால் ஸ்பிரிங்கின் ஓட்டம் குறைவதில்லை, உடல்தான் டயருக்கு அருகே வந்துவிடுகிறது. பின்னால் ஒருவரும் பெட்டிகளும் ஏறினால், பெரிய குழியில் டயர் உள்ளே தேயலாம். தனியாக ஓட்டும்போது தெரியாத குறை, குடும்பத்தோடு போகும்போது வெளிப்படும். இதைத் தவிர்க்க விரும்புவோர், ஷாக் அப்சார்பருக்கு உள்ளேயே ஓட்டத்தைக் குறைத்துத் தரும் வல்லுநரிடம் போக வேண்டும். செலவு கூடும், நிம்மதியும் கூடும்.

நான்காவது, வளைவு. வண்டி எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு சீக்கிரம் கால்மிதியும் ஸ்டாண்டும் தரையை உரசும். ரிங்லெட்டுக்கு ஏறும் பாதையில் முன்பு சாய்ந்த அளவுக்கு இப்போது சாய முடியாது. இறக்கிய வண்டிக்காரர் வேகத்தையும் ஒரு படி இறக்கிக்கொள்ள வேண்டும்.

இவற்றோடு, இத்தகைய மாற்றத்துக்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் விதிகள் இடம் தருகின்றனவா, காப்புறுதி நிறுவனத்துக்கும் விற்பனையாளரின் உத்தரவாதத்துக்கும் உடன்பாடா என்பதை முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. சிங்கப்பூரில் இருப்பவர்கள் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் கேட்டறியலாம்.

உயரம் குறைந்தவர்கள் சாதிக்கவில்லையா?

ஸ்பெயின் நாட்டின் டானி பெட்ரோசா ஏறத்தாழ 160 செ.மீ. உயரம்தான். 2003, 2004, 2005 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் உலக வெற்றியாளர் பட்டம் வென்றவர். பிறகு மோட்டோஜிபி பந்தயத்தின் முன்னணி வீரர்களில் ஒருவராக இருந்தார். ஆனால், இந்த எடுத்துக்காட்டைச் சொல்லி மட்டும் யாரையும் தட்டிக்கொடுக்கக் கூடாது. பந்தயத் திடலில் சாலைச் சந்திப்பு இல்லை, எண்ணெய் நிலையம் இல்லை, சரிவில் நிறுத்திவிட்டுத் தேநீர் குடிப்பதும் இல்லை.

நம் நாட்டுக்கு நெருக்கமான பாடம் அனிதா யூசோப். 2015-இல் தனியாகப் புறப்பட்டு, உலகைச் சுற்றி 2016-இல் திரும்பிய மலேசியப் பெண்மணி. அவர் அந்தப் பயணத்துக்கு எடுத்துச் சென்றது 150 சிசி யமஹா. “தூரம் போக வேண்டுமானால் பெரிய வண்டி வேண்டும்” என்ற எண்ணத்தை அவர் ஓட்டிக் காட்டியே மாற்றினார். வண்டியை வெட்டிச் சுருக்குவதற்கு முன், தனக்கு இயல்பாகவே பொருந்தும் வண்டி ஒன்று சந்தையில் இருக்கிறதா என்று பார்ப்பதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

தயாரிப்பாளர்களும் இதை உணரத் தொடங்கிவிட்டார்கள். ஹார்லி டேவிட்சன் நிறுவனம் 2021-இல் வெளியிட்ட பான் அமெரிக்கா வண்டியில், நிற்கப் போகும்போது தானாகவே ஒன்று முதல் இரண்டு அங்குலம் வரை தாழும் வசதி இருந்தது. 2023-இல் வந்த பிஎம்டபிள்யூ ஆர்1300ஜிஎஸ் வண்டிக்கும் அதுபோன்ற வசதி தரப்பட்டது. ஓடும்போது உயரம், நிற்கும்போது தாழ்வு. விலைதான் எல்லாருக்கும் எட்டாக் கனி.

ஓட்டுபவர் பழக வேண்டியவை

வண்டி எவ்வளவு இறங்கினாலும் சில பழக்கங்கள் இல்லாமல் முடியாது. நிறுத்தும் இடத்தைப் பத்து மீட்டர் முன்பே கண்ணால் தேர்ந்தெடுக்க வேண்டும். மணல், எண்ணெய்க் கறை, குழி உள்ள இடத்தில் காலை ஊன்றக் கூடாது. “ஆழமறியாமல் காலை விடாதே” என்பது ஆற்றுக்கு மட்டும் சொன்னதல்ல. நம் சாலைகளில் இடது ஓரம் மழைநீர் வடிவதற்காகத் தாழ்ந்திருக்கும். இடது காலுக்குத் தரை இன்னும் கீழே போய்விடும் என்பதை மறக்கக் கூடாது.

நிறுத்துமிடத்தில் முன் சக்கரத்தைப் பள்ளத்தை நோக்கி நிறுத்தினால், பிறகு நுனிக்காலால் வண்டியைப் பின்னுக்கு ஏற்ற முடியாது. பின்பக்கம் பள்ளத்தை நோக்கி இருக்கட்டும், கியர் போட்டே நிறுத்துங்கள். தள்ள வேண்டியிருந்தால் கீழே இறங்கி, வண்டியை இடுப்பில் சாய்த்துக்கொண்டு தள்ளுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

விழுந்தால் எப்படித் தூக்குவது என்பதையும் முன்பே பழக வேண்டும். இயந்திரத்தை அணைக்க வேண்டும். வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முதலில் விரித்துவிட வேண்டும். வண்டிக்கு முதுகைக் காட்டி, இருக்கை விளிம்பில் இடுப்பை வைத்து, ஒரு கையில் ஹேண்டில், மறு கையில் பின் கம்பி. முதுகை வளைக்காமல் கால்களால் சிறு சிறு அடியாகப் பின்னோக்கி நடந்தால் வண்டி எழுந்துவிடும். பாய்ந்து பிடிக்கப் போய் முட்டியை முறித்துக்கொள்வதைவிட, விழும் வண்டியை விழ விடுவது நல்லது. கண்ணாடியும் பிரேக் பிடியும் கடையில் கிடைக்கும்.

நேயர்களே, குட்டையானவர்களுக்குப் பெரிய வண்டி கூடாது என்பதும் தவறு, எதையாவது வெட்டி எப்படியாவது எட்டிவிட வேண்டும் என்பதும் தவறு. வீட்டில் இப்படி ஓர் ஆசையோடு ஒரு மகளோ, மனைவியோ, ஐம்பதைத் தாண்டி முட்டி வலிக்கும் அப்பாவோ இருந்தால், “உனக்கு எதற்கு இது?” என்று கேட்காதீர்கள். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அவர்களோடு வண்டிப் பக்கம் போங்கள். காலணி, ஸ்பிரிங், இருக்கை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அதற்கு மேலும் தேவைப்பட்டால், முன்னும் பின்னும் சமமாக இறக்கி, ஸ்டாண்டையும் செயினையும் விளக்கையும் சரிசெய்து தரும் பட்டறைக்கு மட்டும் போங்கள். “பின்னால் மட்டும் இறக்கினால் போதும்” என்று சொல்லும் பட்டறையிலிருந்து வண்டியை அப்படியே திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.